மரத்தோட பேர் இருந்தா யூத வம்சமா?

கேள்வி: போர்ச்சுகல்ல சகஜமா இருக்குற 'பெரைரா'ங்கிற குடும்பப் பேரு யூதப் பேருன்னு சிலர் அடிச்சுச் சொல்றாங்க. மரத்தோட பேர் இருந்தாலே யூத வம்சம்தானாமே, நிஜமா?

பதில்: இல்லைங்க. பெரைரான்னா பேரிக்காய் மரம், அது சரிதான். ஆனா அது முதல்ல ஊருக்கும் தோட்டத்துக்கும் இருந்த பேரு, அங்க நிலம் வச்சிருந்த பிரபு குடும்பம் அதையே தங்க பேரா ஆக்கிக்கிட்டாங்க. 1385-ல அல்ஜுபரோட்டா போர்ல பக்கத்து ராஜ்யமான காஸ்டிலோட (இப்போ ஸ்பெயின்ல இருக்கு) படையைத் தோற்கடிச்ச தளபதி நூனோ அல்வாரெஸ் பெரைரா கத்தோலிக்கர், 2009-ல புனிதர் பட்டமே குடுத்தாங்க.

அப்போ யூதர்களுக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சு? 1492-ல ஸ்பெயின் துரத்திவிட்டதும் நிறைய பேர் போர்ச்சுகல்லுக்குத்தான் ஓடி வந்தாங்க, 1496 டிசம்பர்ல மனுவேல் ராஜா இங்கேர்ந்தும் வெளியேறணும்னு உத்தரவு போட்டார், ஆனா 1497-ல போகவும் விடாம பிடிச்சு வச்சு கட்டாய ஞானஸ்நானம் குடுத்தாங்க, எவ்வளவு பெரிய கொடுமை பாருங்க. கோஹேன், லேவி, அப்ராவனேல் மாதிரி யூதப் பேரெல்லாம் போயி ஞானத்தந்தையோட பேரோ ஊர்ல எல்லாரும் வச்சிருந்த பேரோ வந்துடுச்சு, பெரைரா, மெண்டெஸ், லோபெஸ், நூனெஸ்னு. 1536-ல இன்குவிசிஷன் வேற வந்துடுச்சு (மதம் மாறியும் ரகசியமா யூதரா வாழ்றாங்களான்னு பிடிச்சு விசாரிச்ச கத்தோலிக்க மத நீதிமன்றம்), அப்படி ஒரு காலத்துல மரத்தோட பேர் வச்சாலே யூதர்னு தெரிஞ்சிடும்னா யாராவது அதைத் தேடிப்போய் வச்சுப்பாங்களா? அந்தக் கதை நிக்காததுக்கு இது ஒண்ணே போதும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுக்கப்புறம்தான். தப்பிச்சு ஆம்ஸ்டர்டாம் போனவங்க மறுபடி வெளிப்படையா யூதரா வாழ ஆரம்பிச்சப்போ முதல் பேரை ஆபிரகாம், ஐசக், ஜேக்கப்னு மாத்திக்கிட்டாங்க, ஆனா போர்ச்சுகீசிய குடும்பப் பேரை நிறைய பேர் விடல. பிரான்ஸ்ல 18-ம் நூற்றாண்டுல காது கேக்காத பிள்ளைகளுக்குப் பேசக் கத்துக்குடுத்த ஜேக்கப் ரொட்ரிகெஸ் பெரைராவும் இப்படிப்பட்ட போர்ச்சுகீசிய யூத வம்சம்தான், 1852-ல கிரெடி மொபிலியே பேங்க் ஆரம்பிச்ச எமில், ஐசக் சகோதரர்கள் அவரோட பேரப்பிள்ளைங்க, அவங்க எழுதுறது 'பெரேர்'னு.

அதனால பேரை மட்டும் வச்சு எந்தப் பக்கமும் முடிவு பண்ணாதீங்க. முதல் பேரு என்ன, எந்த ஊரு, எப்போ கிளம்பினாங்கன்னு பாருங்க. லிஸ்பன்ல தோரே தோ தோம்பு ஆவணக்காப்பகத்துல இன்குவிசிஷன் வழக்குக் கட்டுகள் இருக்கு, பிடிபட்டவங்க கிட்ட அப்பா அம்மா, தாத்தா பாட்டி, சித்தப்பா அத்தைன்னு மொத்த சொந்தத்தையும் கேட்டு எழுதி வச்சிருக்காங்க, நிறைய கட்டு ஆன்லைன்லயே பாக்கலாம்.