ஆலைப் பராமரிப்புக்கு எந்த நம்பகத்தன்மைப் பொறியியல் நூல்?

கேள்வி: பரந்தனில் ஓர் அரிசி ஆலையில் இயந்திரப் பராமரிப்புக்குப் பொறுப்பாக இருக்கிறேன். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவன். காலபோக நெல் வந்து குவியும் நேரத்தில்தான் பேரிங்குகள் பழுதாகின்றன. பாகங்கள் எப்போது, எவ்வளவு வாய்ப்புடன் பழுதாகும் என்று கணிக்கும் நம்பகத்தன்மைப் பொறியியலில் ஒரு நூல் வாங்க விரும்புகிறேன்; ஆனால் வெளிநாட்டு நூல்களின் விலை தயங்க வைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: பணம் கொடுப்பதற்கு முன், இலவசமாகக் கிடைக்கும் இரண்டை வாசித்துவிடுங்கள். அமெரிக்க அரசின் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் இணையத்தில் வைத்திருக்கும் பொறியியல் புள்ளிவிபரக் கைந்நூலின் 8ஆம் அத்தியாயம் முழுவதும் இத்துறைக்கே உரியது. உங்கள் கணித அறிவுக்கு அது எட்டும். மற்றது, யுனைட்டெட் எயர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் ஆகியோர் 1978இல் எழுதிய அறிக்கை. அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 89 சதவீதமானவற்றுக்கு, இத்தனை மணித்தியாலத்தில் மாற்றவேண்டும் என்ற வயதெல்லையால் பயனில்லை என்று அது காட்டியது. விமானத்தின் கணக்கு ஆலைக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆயினும் பராமரிப்பைப் பற்றி யோசிக்கப் பழக்குவதில் அதற்கு ஈடாக நான் வேறெதையும் வாசித்ததில்லை.

விலைக்கு வாங்கும் நூலுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். ஐந்து பேரிங்குகளில் மூன்று 900, 1,100, 1,300 மணித்தியாலங்களில் பழுதாகி, மற்ற இரண்டும் 1,500 மணித்தியாலம் கடந்தும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுதான மூன்றின் சராசரியான 1,100ஐயே பேரிங்கின் ஆயுள் என்று கொண்டால், நன்றாக உழைக்கும் இரண்டையும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டீர்கள். பழுதாகாதவற்றையும் சேர்த்துக் கணிப்பதை, வெய்புல் பரம்பல் (ஆயுட்காலங்கள் எப்படிப் பரவியிருக்கும் என்பதைக் காட்டும் கணித மாதிரி) பற்றிய அத்தியாயத்தில் படிப்படியாகச் செய்துகாட்டாத நூல், எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், உங்களுக்கு வேண்டாம். அந்தக் கணக்கில் வரும் வடிவப் பரமானம், வயது கூடக்கூடப் பழுதுவீதம் கூடுகிறதா குறைகிறதா என்று காட்டும் எண். அது 1ஐ விடக் குறைந்தால், பழுது தொடக்கத்திலேயே கூடுதலாக வருகிறது; பொருத்திய விதத்திலோ வாங்கிய பொருளிலோ குறை இருக்கிறதா என்று பாருங்கள். 1ஐ அண்மித்தால், பழுது வயது பார்த்து வருவதில்லை. 1ஐ விட நன்கு கூடினால் மட்டுமே, தேய்வு காரணமென்று கொண்டு, அறுவடைக்கு முன்பே மாற்றிவைப்பதில் பயனுண்டு.

ஓ'கொனரும் கிளெய்னரும் எழுதிய ‘பிரக்டிகல் ரிலையபிலிட்டி எஞ்சினியரிங்’ (5ஆம் பதிப்பு, 2012) இச்சோதனையில் தேறும். பழைய பிரதி மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். இலத்திரனியல் பாகங்களின் பழுதுவீத அட்டவணைகளை நம்பி எழுதப்பட்ட நூல்கள் உங்கள் ஆலைக்கு உதவா. பணம் அனுப்புவதற்கு முன், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் பீடத்தில் பிரதி இருக்கிறதா, பார்க்க விடுவார்களா என்று ஒருமுறை கேளுங்கள். பரந்தனிலிருந்து அது எட்டாத தூரமல்ல.