‘உன் மேல் கேஸ் போடுவேன்’ என்கிறார் முகம் தெரியாத ஒருவர்

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடவுள் நம்பிக்கை இல்லாதவன். மதம், தணிக்கை, தொழில்நுட்பம் ஆகியவை குறித்து முன்பின் அறியாதவர்களுடன் முகநூலில் வாதிடுவது என் வழக்கம். வழிபாட்டு இடங்களில் ஒலிபெருக்கி வைப்பது பற்றி நான் எழுதிய பின்னூட்டத்தை ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்பி, ‘295ஏ, 66ஏ இரண்டிலும் கேஸ் போடுவேன்’ என்கிறார். அதே விவாதத்தில், மற்றொருவர் எழுதிய வசையை மேற்கோள் காட்டி நான் கண்டித்த பதிவை முகநூல் நீக்கிவிட்டது. செயலியிலேயே முறையிட்டும் பயனில்லை. நான் நிர்வாகியாக உள்ள வாட்ஸ்அப் குழுவுக்கும் சண்டை பரவிவிட்டது. சட்டப்படி எதுவரை பேசலாம்? புனைபெயரில் எழுதினால் பாதுகாப்பா?

பதில்: மிரட்டலில் உள்ள இரண்டு எண்களையும் முதலில் தனித்தனியாகப் பார்த்துவிடலாம். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இன்று நடைமுறையில் இல்லை. 2012இல் மும்பையை அடுத்த பால்கரில் முகநூல் பதிவொன்றுக்காக இரண்டு இளம்பெண்கள் கைது செய்யப்பட்டதையொட்டித் தொடுக்கப்பட்ட ஷ்ரேயா சிங்கால் வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை முழுவதுமாக ரத்து செய்தது. அதன் பிறகும் சில காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்ததால், அதன் கீழ் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் அந்நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியதாயிற்று. ஆக, 66ஏ என்று சொல்லி மிரட்டுபவர் எங்கோ கேள்விப்பட்டதைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

295ஏ அப்படியன்று. மத உணர்வைப் புண்படுத்துவது குறித்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த அப்பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆவது பிரிவாக, மின்னணு வழியில் செய்யப்படுவதையும் வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டு, தொடர்ந்து நடைமுறையில் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க அக்குற்றத்துக்குப் பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். பிணை என்பது உரிமையாகக் கிடைப்பதன்று.

இருந்தாலும் அது தண்டிப்பது எதை என்பதைப் பலரும் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தி லாகூரில் 1924இல் வெளியான ஒரு சிறு நூலின் பதிப்பாளரை, தண்டிக்க அன்றிருந்த சட்டத்தில் இடமில்லை என்று 1927இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததால் எழுந்த கொந்தளிப்பில், அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட பிரிவு இது. மசோதா விவாதத்தின்போதே, வரலாற்று ஆய்வு செய்பவர்களும் ஒரு மதத்தை நேர்மையாக விமர்சிப்பவர்களும் பாதுகாக்கப்பட வேண்டும் என்று ஜின்னா வலியுறுத்தினார். ‘வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்’ புண்படுத்துவது என்ற நிபந்தனை பிரிவுக்குள் இருப்பது இதனால்தான். ராம்ஜி லால் மோதி வழக்கில் 1957இல் அப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அறியாமலோ கவனக்குறைவாலோ நேர்ந்துவிடும் அவமதிப்பு அதில் அடங்காது என்று அந்த நிபந்தனையைக் கொண்டே விளக்கியது. எனவே எதிராளியின் மனம் புண்பட்டது என்பது மட்டும் குற்றத்தை மெய்ப்பிக்கப் போதாது. நீங்கள் என்ன நோக்கத்தில் எழுதினீர்கள் என்பதை வழக்குத் தொடுப்பவர் நிறுவியாக வேண்டும். அந்த நோக்கத்தை நீதிமன்றம் உங்கள் எழுத்திலிருந்தும், எழுதியவர் யார், எந்தச் சூழலில் எழுதினார் என்பதிலிருந்தும்தான் படித்தறியும்.

இனி உங்கள் பின்னூட்டத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பியிருப்பதில் ஐந்து வாக்கியங்கள் உள்ளன. முதல் நான்கும் ஒலிபெருக்கியைப் பற்றியவை: அது எந்த மதத்தின் தொடக்கத்திலும் இல்லாத கருவி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதற்குத் தடை உண்டு, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் அது தொல்லை, எல்லா மதத்தாருக்கும் இந்த விதி ஒன்றே. இந்த நான்குக்கும் சட்டத்திலேயே துணை இருக்கிறது. சென்னையில் ஒரு தேவாலயத்துக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் இடையே எழுந்த வழக்கில், பிறரின் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இதை நீங்கள் பின்னூட்டத்தில் குறிப்பிட்டிருந்தால் வாதத்துக்கும் வலு, உங்களுக்கும் காப்பு.

ஐந்தாவது வாக்கியம் இது: ‘காது கேட்காத கடவுளைக் கும்பிடும் கூட்டத்துக்குப் புத்தி எப்படி இருக்கும்?’ கடவுளுக்குக் காது கேட்காதா என்று கேட்பதில் பெரிய சிக்கல் இல்லை. இதைவிடக் காட்டமான கேள்விகள் நம் சித்தர் பாடல்களிலேயே உண்டு. சிக்கல் ‘கூட்டத்துக்குப் புத்தி’ என்பதில் இருக்கிறது. அதுவரை ஒரு நடைமுறையை விமர்சித்துக்கொண்டிருந்த நீங்கள், அந்த இடத்தில் அதைப் பின்பற்றும் மனிதர்களை மொத்தமாக இழித்துப் பேசத் தொடங்குகிறீர்கள். உங்கள் எதிராளி பரப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பதும் அந்த ஐந்தாவது வாக்கியம் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். மற்ற நான்கையும் அவர் வெட்டிவிட்டார். அது நேர்மையற்ற செயல்தான்; ஆனால் வெட்டுவதற்கு வாகாக அதை எழுதிக்கொடுத்தவர் நீங்கள்.

இந்த வேறுபாட்டை நீதிமன்றங்கள் எப்படி அணுகுகின்றன என்பதற்கு நம் பகுதியிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2021 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டம் அருமனையில் ஒரு பாதிரியார் ஆற்றிய உரை தொடர்பான வழக்கை, 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசாரித்தது. சில பிரிவுகளை ரத்து செய்த நீதிமன்றம், 295ஏ, சமூகங்களுக்கிடையே பகைமூட்டுவது பற்றிய 153ஏ உள்ளிட்டவற்றை ரத்து செய்ய மறுத்துவிட்டது. பகுத்தறிவாளரோ மேடை நகைச்சுவைக் கலைஞரோ மதத்தைக் கடுமையாக விமர்சிப்பதை இப்பிரிவுகளுக்குள் கொண்டுவர முடியாது என்றும், மதமாற்றப் பரப்புரை செய்பவர் பிற மதத்தாரின் நம்பிக்கையை இழிவுபடுத்திவிட்டு அதே சலுகையைக் கோர முடியாது என்றும் அத்தீர்ப்பு பிரித்தது. பேசுபவர் யார் என்பதற்கு அது கொடுத்த முக்கியத்துவம் சற்று அதிகம் என்பது என் கருத்து. ஏனெனில் ஒரே சொற்கள் ஒருவர் வாயில் குற்றமாகவும் மற்றவர் வாயில் உரிமையாகவும் ஆகிவிடும் ஆபத்து அதில் உண்டு. ஆனாலும் நடைமுறையில் அது உங்களுக்குச் சாதகமான தீர்ப்பு. நீங்கள் நாத்திகர் என்பதும், எல்லா மதத்தாருக்கும் பொதுவான விதியைப் பற்றியே பேசினீர்கள் என்பதும் அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு வெளியே, முழு உரையாடலில், பதிவாகியிருக்கின்றன.

இரு சமூகங்களுக்கிடையே பகைமூட்டுவது என்ற 153ஏ, இப்போதைய 196ஆவது பிரிவு, உங்கள் விஷயத்தில் பொருந்துவது கடினம். அதற்குக் குறைந்தது இரண்டு சமூகங்கள் தொடர்புபட்டிருக்க வேண்டும் என்பது 1997ஆம் ஆண்டு முதலே உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. கவிதை ஒன்றுக்காக நாடாளுமன்ற உறுப்பினர் மீது பதிவான வழக்கை 2025 மார்ச்சில் ரத்து செய்தபோது, ஒரு சொல்லின் விளைவை உறுதியான மனம் படைத்த சாதாரண மனிதரின் அளவுகோலால் பார்க்க வேண்டுமே தவிர, எதிலும் ஆபத்தையே காண்பவரின் கண்ணால் பார்க்கக் கூடாது என்றும் அந்நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பு, மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட தண்டனை கொண்ட குற்றங்களில், வழக்குப் பதிவதற்கு முன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தக் காவல்துறைக்கு உள்ள அதிகாரத்தை, பேச்சு, எழுத்து தொடர்பான புகார்களில் பயன்படுத்துமாறும் அறிவுறுத்தியது.

முகநூல் நீக்கிய பதிவுக்கும் அந்த ஐந்தாவது வாக்கியத்தின் நோய்தான்: தனியே எடுத்தால் உங்கள் நோக்கம் தெரிவதில்லை. வசையை மேற்கோள் காட்டி, அதன் கீழே ‘இப்படியும் பேசுவார்களா?’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பல கோடிப் பதிவுகளைச் சலிக்கும் தானியங்கி முறை முதலில் கவனிப்பது அந்த வசைச் சொல்லைத்தான்; உங்கள் தொனி அதற்கு எட்டாது. தமிழ்க் கிண்டலும் வட்டார வழக்கும் ஆங்கிலம் பிடிபடும் அளவுக்குக்கூட அதற்குப் பிடிபடுவதில்லை. வசையை முழுமையாக எடுத்து எழுதாமல், ‘ஒரு சமூகத்தின் பெண்களைக் கொச்சைப்படுத்தி அவர் எழுதியதைக் கண்டிக்கிறேன்’ என்று உங்கள் சொற்களில் முதல் வரியிலேயே சொல்லியிருந்தால், பதிவு தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். தனியே பிய்த்து எடுத்தாலும் எழுதியவரின் நோக்கம் தெரிய வேண்டும் என்பது காவல் ஆய்வாளருக்கும் பொருந்தும், நிரலுக்கும் பொருந்தும்.

செயலிக்குள் ‘மறுபரிசீலனை’ பொத்தானை அழுத்தியதோடு முறையீடு முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு பெரிய தளமும் இந்தியாவில் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும். அவருக்குத் தனியாகப் புகார் அனுப்புங்கள். அவரது பதில் நிறைவளிக்காவிட்டால், அது கிடைத்த 30 நாட்களுக்குள், மத்திய அரசு 2023 ஜனவரியில் அமைத்த குறை மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே மேல்முறையீடு செய்யலாம். அரசு அமைத்த குழுவிடம் பேச்சுரிமைக்காக முறையிடுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் தனியார் நிறுவனம் தன் விதிப்படி நீக்கிய பதிவுக்காக நேரடியாக உயர் நீதிமன்றம் போவதைவிட இது செலவில்லாத வழி. அரசின் உத்தரவால் பதிவு முடக்கப்படுவது வேறு. அது பெரும்பாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் நடக்கிறது. விதிகள் அந்த உத்தரவை இரகசியமாக வைக்கச் சொல்கின்றன. அதை எதிர்க்க ரிட் மனுதான் வழி. உங்களுடையது அந்த வகையன்று.

வாட்ஸ்அப் குழுவைப் பொறுத்தவரை, நிர்வாகி என்ற ஒரே காரணத்துக்காக உறுப்பினர் போட்டதற்கு நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள். கரூர் வழக்கறிஞர்களின் குழு ஒன்று தொடர்பாக மதுரைக் கிளை 2021 டிசம்பரிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022லும் இப்படித்தான் தீர்ப்பளித்தன. ஆனால் நீங்களே ஒன்றைப் பகிர்ந்தால் கதை மாறிவிடும்: பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்த நடிகருக்கு முன்ஜாமீன் மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், பகிர்வது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று 2018இல் சொன்னது. ‘வந்ததை அனுப்பினேன்’ என்பது தற்காப்பு ஆகாது. குழுவில் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர்கள் இருந்தால், அங்குள்ள சட்டம் இதைவிடக் கடுமையானது என்பதை அவர்களுக்காகவாவது நினைவில் வையுங்கள்.

புனைபெயர் குற்றமன்று; பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்தும் மேலாளரிடமிருந்தும் அது உங்களை மறைக்கும். காவல்துறையிடமிருந்து மறைக்காது. கணக்கோடு இணைந்த கைபேசி எண்ணையும் ஐபி முகவரியையும் தளத்திடம் அவர்கள் கேட்டுப் பெறலாம். ஐபி முகவரியை மறைத்துத் தரும் விபிஎன் சேவை நிறுவனங்களும் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த அரசு உத்தரவு.

உடனே செய்ய வேண்டியது, முழு உரையாடலையும் பாதுகாப்பது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பதிவின் இணைப்பு முகவரி, தேதி, நேரம் தெரியும்படி தொடக்கம் முதல் முடிவு வரை சேமியுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி மின்னணுச் சான்றோடு, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பு குறிப்பிட்ட சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், சேமித்த மூலக் கோப்பைத் திருத்தாமல் தனியே வையுங்கள். அந்த ஐந்தாவது வாக்கியத்தை நீக்கலாமா என்றால், புகார் எதுவும் இன்னும் பதிவாகாத நிலையில், பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, ‘வழிபடுவோரைக் குறித்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன், மற்றவை என் கருத்தே’ என்று கீழேயே எழுதிவிட்டு நீக்குங்கள். காவல்துறை அறிவிப்பு வந்த பிறகு வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் நீக்கக் கூடாது.

அழைப்பு வந்தால் பதற வேண்டாம். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது அவசியம் என்பதற்குக் காரணம் பதிவு செய்யாமல் கைது செய்யக் கூடாது. விசாரணைக்கு வருமாறு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி அறிவிப்பு தர வேண்டும். அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. முறையான அறிவிப்பு கையில் கிடைத்தால் கட்டாயம் ஆஜராகுங்கள். 299, 196 ஆகிய பிரிவுகளில் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதி தேவை என்பதும் ஒரு தடுப்பு. ஆனால் வழக்குப் பதிவதையும் கைதையும் அது தடுக்காது.

மிரட்டியவர் மீது நீங்கள் புகார் தரலாமா என்பது நீங்கள் கேட்காவிட்டாலும் அடுத்து எழும் கேள்வி. ‘கேஸ் போடுவேன்’ என்பது, சட்டத்தை நாடுவேன் என்று சொல்வதுதான். அது குற்றமன்று, அதற்குப் பதில் எழுதவும் தேவையில்லை. உங்கள் வீட்டு முகவரியையோ பிள்ளையின் பள்ளியையோ குறிப்பிட்டு ‘நேரில் வந்து பார்க்கிறோம்’ என்று எழுதினால் அது குற்றமுறு மிரட்டல். தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351(4) பிரிவின்படி கூடுதலாக இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு. அப்படி ஒரு வரி வந்தால் அன்றைக்கே தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்து, அதன் ஒப்புகை எண்ணோடு மாநகரச் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள்.