பெட்டியின் பக்கவாட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்

மாடல் கார் கட்டுபவர்களின் கேள்விகள் சில மாதங்களாகச் சேர்ந்துகொண்டே இருந்தன. இந்த முறை முழுக்க அவற்றுக்குத்தான் பதில். பாகங்களை வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து நாமே கட்டும் பிளாஸ்டிக் கிட்களைப் பற்றியே பேசுகிறோம். தயாராக வரும் உலோகக் கார்கள் வேறு கதை.

கேள்வி: முதன்முறையாக ஒரு கார் கிட் வாங்கப் போகிறேன். 1/24, 1/25, 1/43 என்று எண்களைப் பார்த்துக் குழம்பிவிட்டேன். எதை வாங்குவது, எவ்வளவு பணம் ஒதுக்குவது? (கோவை)

அசல் காரின் நீளத்தை அந்த எண்ணால் வகுத்தால் மாடல் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரிந்துவிடும். 4 மீட்டர் கார் 1/24-இல் சுமார் 16.7 செ.மீ., 1/25-இல் 16 செ.மீ., 1/43-இல் 9.3 செ.மீ. 1/12 என்றால் 33 செ.மீ.க்கு மேல் போகும், அலமாரியை முதலில் அளந்துகொள்ளுங்கள். ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தைச் சேர்ந்த தமியா, ஹசெகாவா, அயோஷிமா, ஃபுஜிமி நிறுவனங்களின் கார்கள் பெரும்பாலும் 1/24. அமெரிக்கக் கார் கிட்கள் பெரும்பாலும் 1/25. ஏஎம்டி நிறுவனம் கார் ஷோரூம்களுக்காக விளம்பர மாடல்களைச் செய்துகொண்டிருந்தது. 1958-இல் அவற்றையே வீட்டில் கட்டும் கிட்களாகவும் விற்க ஆரம்பித்தது. 1/25 அமெரிக்காவில் வேரூன்றியது அப்படித்தான்.

முதல் கிட்டுக்கு என் தேர்வு தமியாவின் 1/24 ஃபோக்ஸ்வாகன் பீட்டில். பாகங்கள் கச்சிதமாகப் பொருந்தும், உருண்டையான உடல் என்பதால் பெயின்ட் அடிக்கவும் சுலபம்.

எந்தக் கிட்டாக இருந்தாலும் பெட்டியின் முகப்புப் படத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பெட்டியைத் திருப்பி நான்கு பக்கமும் பாருங்கள். கட்டி முடித்த மாடலின் புகைப்படம் இருக்கும். பானெட் திறந்து எஞ்சின் தெரிகிறதா என்று பாருங்கள். பானெட்டைத் திறந்து காட்டும் படம் ஒன்றுகூட இல்லையென்றால் பெரும்பாலும் உள்ளே எஞ்சினும் இருக்காது. அடிப்பக்கத்தில் எஞ்சினின் கீழ்ப்பகுதியான ஆயில் பேன் மட்டும் தட்டையாக வார்க்கப்பட்டிருக்கும். ஜப்பானிய கிட்களில் இது சகஜம், குறையும் அல்ல. எஞ்சினுக்கு ஆசைப்பட்டு வாங்குபவருக்குத்தான் ஏமாற்றம். பசையும் பெயின்ட்டும் தனியாக வாங்கவேண்டும் என்பதும், எந்தெந்த நிறம் தேவை என்பதும் அதே பக்கவாட்டில் போட்டிருக்கும்.

பணம்? கிட்டுக்குக் கொடுப்பதைப்போல இன்னொரு மடங்கைக் கருவிக்கும் பெயின்ட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதலிடம், பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்கும் நல்ல நிப்பருக்கு. ஹார்டுவேர் கடையின் வயர் கட்டரால் வெட்டினால் பிளாஸ்டிக் நசுங்கி, வெட்டிய இடம் வெள்ளையாக வெளுத்துவிடும். நிப்பராலும் ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். பாகத்திலிருந்து சற்றுத் தள்ளி முதல் வெட்டு, மீந்த துணுக்குக்குப் பாகத்தை ஒட்டி இரண்டாவது வெட்டு, அப்புறம் 400, 800 நம்பர் உப்புத்தாள். 200 ரூபாய் மிச்சம் பிடிக்க மட்டமான நிப்பர் வாங்கியவர்கள் அடுத்த மாதமே இன்னொன்று வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஒரு கார் கிட்டில் "14 வயதுக்கு மேல்" என்று இருக்கிறது, ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை. இது சட்டப்படி சரியா? வாங்கித் தரலாமா? (மதுரை வாசகி)

இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். ஆனால் அந்த ஆணை 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருட்களுக்கு உரியது. கத்தி, கரைப்பான் பசை, பெயின்ட் எல்லாம் தேவைப்படும் கிட்கள் 14-க்கு மேல் என்று குறிக்கப்பட்டே வருகின்றன. ஆக, முத்திரை இல்லை என்பதற்காகவே அது கள்ளச் சரக்கு ஆகிவிடாது. நீங்கள் பார்க்கவேண்டியது வேறு ஒட்டுத்தாள்: இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, எம்ஆர்பி. இறக்குமதிப் பொருளில் இவை இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் பிறகு புகார் சொல்ல ஆளே கிடைக்காது.

விலை ஏன் இவ்வளவு அதிகம் என்றும் கேட்டிருந்தீர்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. சுங்கப் பட்டியலில் ஸ்கேல் மாடல்களும் பொம்மைகளும் ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன.

மகனுக்கு அயோஷிமாவின் 1/32 ஸ்நாப் கிட் வரிசையைப் பாருங்கள். பசையும் பெயின்ட்டும் வேண்டாம், நிறம் சேர்த்தே வார்த்த பாகங்களை அழுத்திப் பொருத்தினால் போதும். சுஸுகி ஜிம்னிகூட அந்த வரிசையில் உண்டு. தெருவில் பார்க்கும் வண்டியைத் தன் கையால் கட்டுவதில் பிள்ளைகளுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. முதல் இரண்டு கார்களுக்கு வெட்டும் வேலையை மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

கேள்வி: மாடல் பெயின்ட் விலை கட்டுப்படியாகவில்லை. கார் டச்-அப் ஸ்ப்ரே பாதி விலைக்குக் கிடைக்கிறது, அதையே அடிக்கலாமா? இன்னொன்று: கடந்த நவம்பரில் பெயின்ட்டின்மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு அடித்தேன், கார் முழுக்கப் பால் ஊற்றியது போல் வெளுத்துவிட்டது. ஸ்ப்ரே போலியா? (சென்னை)

இரண்டாவதற்கு முதலில். ஸ்ப்ரே போலியாக இருக்க வாய்ப்பு குறைவு, நாள்தான் தப்பு. கிளியரில் இருக்கும் லாக்கர் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிரும், காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படியும், அந்த ஈரம்தான் வெண்மையாகத் தெரிகிறது. வடகிழக்குப் பருவமழையின் நடுவில் சென்னையில் கிளியர் அடித்தால் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். காரைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? நல்ல வெயில் நாளில், பதினோரு மணிக்கு மேல், மெல்லிசாக இன்னொரு கிளியர் அடித்துப் பாருங்கள். பல நேரம் வெண்மை கரைந்து பழைய நிறம் மேலே வந்துவிடும்.

டச்-அப் ஸ்ப்ரே விஷயம். கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரின். உலோகத் தகட்டுக்காகச் செய்த பெயின்ட்டின் தின்னர் இதற்கு மிகக் கடுமை. பரப்பு முழுக்க வலைபோல் நுண்விரிசல் விழும், கதவுக் கோடுகள் மழுங்கும். மாடலுக்கான பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, முதலில் அடித்து, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் டச்-அப் ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து மெல்லிய பூச்சுகளாக அடித்துத் தப்பியவர்கள் உண்டு. துணிபவர்கள் உடல் பாகத்தில் சோதிக்காமல், பாகங்களை வெட்டி எடுத்தபின் மீந்துபோன ஸ்ப்ரூ சட்டத்திலோ பிளாஸ்டிக் ஸ்பூனிலோ அதே பிரைமரும் அதே பெயின்ட்டும் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

ஆனால் கணக்கையும் போட்டுப் பாருங்கள். தமியாவின் டிஎஸ் (TS) ஸ்ப்ரே 100 மி.லி. டப்பா, 1/24 கார் உடல்கள் இரண்டு அல்லது மூன்றுக்கு வரும் என்று நிறுவனமே சொல்கிறது. ஒரு காருக்கு ஆகும் செலவு, டப்பாவின் விலையில் பாதியோ அதற்கும் குறைவோதான். இரண்டாயிரம் ரூபாய் கிட்டை வைத்துக்கொண்டு இந்த இடத்தில் சிக்கனம் பிடிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

வாங்கும்போது எழுத்தையும் கவனியுங்கள். டிஎஸ் என்பது கிட்டுக்கு. பக்கத்து வரிசையிலேயே இருக்கும் பிஎஸ் (PS), ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் உடலுக்கானது. அதைப் பாலிஸ்டைரினில் அடித்தால் பிளாஸ்டிக் கெட்டுவிடும். கடைப்பையன் எடுத்துக் கொடுத்ததை அப்படியே பையில் போடாதீர்கள்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை அதில் இருக்கலாம். காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்கவேண்டாம், மூக்கருகே கொண்டுபோங்கள். வாசனை வருகிறவரை காயவில்லை என்றுதான் அர்த்தம். அடிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் மாஸ்க் போடுங்கள்; துணி மாஸ்க் இதற்கு உதவாது.

கேள்வி: ஜப்பானிலிருந்து கிட் வரவழைத்தேன். கிட் வந்தது, ஸ்ப்ரேக்களை மட்டும் ரத்து செய்துவிட்டார்கள். (திருச்சி)

அழுத்தத்தில் அடைத்த, தீப்பிடிக்கும் பொருள் விமானத் தபாலில் ஏறாது. கடையின் தவறு இல்லை. உள்ளூரில் எந்த நிறம் கிடைக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு, அதற்கு ஏற்ற காரைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: 1980களின் கிட் ஒன்று, "பெட்டி பிரிக்காதது, அபூர்வம்" என்று புதுக் கிட்டைப்போல் மூன்று மடங்கு விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (சேலம்)

கட்டுவதற்கா, வைத்து அழகு பார்ப்பதற்கா? கட்டுவதற்கு என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்பேன்.

வார்ப்பு அச்சுகள் பல பத்தாண்டுகள் உழைக்கும். அதே அச்சில் புதிதாக வார்த்து, புதுப் பெட்டியில் போட்டு மறுபடி விற்பது இந்தத் தொழிலில் வழக்கம். தமியாவின் 1/12 போர்ஷே 934 முதலில் வந்தது 1976-இல். பிறகு உலோக நுண்பாகங்கள் சேர்த்து மறுவெளியீடும் வந்தது. ஏஎம்டியின் பழைய கிட்களை ரவுண்ட் 2 நிறுவனம் அந்தக் காலத்துப் பெட்டிப் படத்தோடேயே இன்று விற்கிறது. அதனால் "அபூர்வம்" என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்கும் முன் ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். எந்த அச்சு எந்த ஆண்டில் எந்தெந்தப் பெட்டியில் வந்தது என்று வரிசையாகக் காட்டும், இலவசம்தான். இதில் இன்னொரு பக்கமும் உண்டு: பெட்டி இந்த ஆண்டுடையதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் அச்சு நாற்பது வயதாக இருக்கலாம். அப்படிப்பட்டவற்றில் ஓரங்களில் பிளாஸ்டிக் பிசிறு அதிகம், தேய்க்கும் வேலையும் அதிகம்.

பழைய பெட்டிக்குள் என்ன நடக்கும் என்பதை நான் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியாரிடம் பழைய கிட் ஒன்று வாங்கினேன். பாகங்கள் எல்லாம் எண்ணிக்கைப்படி சரி. ஆனால் டயர் ஒன்று பையிலிருந்து நழுவி, முன் கண்ணாடியின்மேல் படுத்தபடி ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறது. டயரை எடுத்தேன், ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பிய்ந்து வந்தது. கண்ணாடியில் டயரின் பள்ளங்கள் ஒவ்வொன்றும் பழுப்பு நிறத்தில் அச்சாகப் பதிந்திருந்தன. வினைல் டயரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து பாலிஸ்டைரினைக் கரைத்துவிடும். பழைய கிட்களில் இது தெரிந்த நோய். தேய்த்துப் பார்த்தேன், பாலிஷ் போட்டேன், போகவில்லை. அந்தக் கார் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

எனவே விற்பவரிடம் மூன்று புகைப்படம் கேளுங்கள்: டயர்கள், கண்ணாடிப் பாகங்கள், தண்ணீரில் நனைத்து ஒட்டும் படங்கள் உள்ள டெக்கால் தாள். "சீல் பிரிக்கக்கூடாது" என்றால் அந்த விலைக்கு நான் வாங்கமாட்டேன். டெக்கால் மஞ்சளாகியிருந்தால் பயப்படவேண்டாம், வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவைத்தால் கணிசமாக வெளுக்கும். தண்ணீரில் போட்டதும் நொறுங்கும் டெக்கால்தான் சிக்கல். ஓரத்தில் இருக்கும் தேவையற்ற எழுத்தை வெட்டிப் போட்டுச் சோதித்து, உடைந்தால் தாள் முழுவதுக்கும் ஒரு கிளியர் பூச்சு கொடுத்துவிட்டு, ஒவ்வொரு படமாக வெட்டி எடுங்கள். நீங்கள் வாங்கும் புதுக் கிட்டிலும் டயர்களை முதல் நாளே தனிப் பையில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கிட்டில் ஒரு சட்டமே இல்லை. விற்பனையாளர் "நீங்களே தொலைத்திருப்பீர்கள்" என்கிறார். (ஈரோடு)

ஸ்ப்ரூ சட்டங்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்து இருக்கும். கட்டும் குறிப்பில் அவற்றின் படமும் இருக்கும். அந்தப் பக்கத்தையும், வந்த சட்டங்களையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்து விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இனி எந்தக் கிட் வந்தாலும் பெட்டியைப் பிரிப்பதை அலைபேசியில் ஒரே வீச்சில் வீடியோ எடுங்கள், உள்பைகளைப் பிரிக்கும் முன்பே எண்ணுங்கள்.

கேள்வி: உலோக நுண்பாக செட் கிட்டின் விலையிலேயே வருகிறது. அது இல்லாமல் டீடெயிலிங் (நுணுக்கங்களைச் சேர்ப்பது) செய்ய முடியாதா? (சிங்கப்பூர்)

தாராளமாக முடியும். இரண்டாவது, மூன்றாவது காருக்கு அந்த செட்டை வாங்காதீர்கள். நுண்ணிய உலோகத் தகட்டை மடிக்கவும் ஒட்டவும் கை பழகவேண்டும்.

வீட்டில் இருப்பதை வைத்து ஆரம்பிக்கலாம். அசல் காரின் சீட் பெல்ட் சுமார் 48 மி.மீ. அகலம், 1/24-இல் சரியாக 2 மி.மீ. மாஸ்கிங் டேப்பை அந்த அகலத்தில் கீறி, கறுப்பு அடித்து, சீட்டில் லேசாகத் தொய்வாக ஒட்டுங்கள். ஸ்பார்க் பிளக் வயர் அசலில் 7 அல்லது 8 மி.மீ.; மாடலில் 0.3 மி.மீ. போதும். கெட்டுப்போன இயர்போன் வயரைப் பிரித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய இழைகளில் பொருத்தமானது கிடைக்கும். பழைய வி8 எஞ்சினுக்கு டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிளக்குகளுக்கு எட்டு வயர், காயிலுக்கு ஒன்று. கதவு இடுக்குகள் எடுப்பாகத் தெரிய, அவற்றில் நீர்த்த எனாமல் பெயின்ட்டை ஓடவிடும்போது வெள்ளைக் காருக்குக் கறுப்பு வேண்டாம், சாம்பல் நிறம் போதும். கறுப்பு விட்டால் கார்ட்டூன் போலத் தெரியும்.

கண்ணாடியை ஒட்டுவதற்கு மட்டும் ஃபெவிக்விக் வகைப் பசையைத் தொடவே தொடாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடி உள்பக்கம் புகைபோல் மங்கிவிடும். சாதாரண வெள்ளை ஃபெவிகால், பல்குத்தும் குச்சியின் முனையில் ஒரு பொட்டு. காய்ந்தால் நிறமே தெரியாது, வழிந்தாலும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.