மணிக்கட்டு விறைப்புக்கு மீயொலிச் சிகிச்சை பயன்தருமா?
கிளிநொச்சியில் தையல் வேலை செய்யும் உங்கள் அம்மாவுக்கு இரவில் கை விறைப்பதாகவும், கார்பல் டனல் நோய்க்கென மீயொலிச் (அல்ட்ராசவுண்ட் ஒலியலை) சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டதாகவும் எழுதி, அது பயன்தருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மணிக்கட்டு எலும்புகளுக்கும் ஓர் உறுதியான நார்ப்பட்டைக்கும் இடையிலுள்ள கார்பல் டனல் எனும் ஒடுங்கிய பாதையில், விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு நடுநரம்பும் செல்கிறது. அங்கே வீக்கம் ஏற்பட்டால் நரம்பு நசுங்கி, பெருவிரல் முதல் மோதிரவிரலின் பாதிவரை விறைக்கிறது.

வியன்னாவில் நடந்து 1998 இல் வெளியான ஆய்வொன்றில், 1 மெகாஹேட்ஸ் மீயொலியை விட்டுவிட்டுப் பாயும் முறையில், தடவைக்கு 15 நிமிடமாக, 7 வாரங்களில் 20 தடவை கொடுத்தபோது, ஒலியலை செலுத்தாத போலிச் சிகிச்சை பெற்ற கைகளைவிட இக்கைகள் தெளிவாகத் தேறின. 6 மாதங்களின் பின்னும் அப்பயன் நிலைத்தது. முதல் இரு வாரமும் வாரத்துக்கு ஐந்து நாள் வரவேண்டும் என்பதால், ஒட்டுசுட்டான் போன்ற தூரத்திலிருந்து பேருந்தில் வருவோருக்கு இது பெரிய சுமை என்பதை நான் அறிவேன். பிந்திய ஆய்வுகள் அனைத்தும் இவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. ஆகவே இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியையே முதலில் அணிவிக்கச் சொல்வேன்.

கையில் எறிகணைத் (செல்) துண்டு இருந்தாலோ, தொடுவுணர்வு குறைந்திருந்தாலோ இயன்மருத்துவரிடம் முன்கூட்டியே கூறுங்கள். பெருவிரலடித் தசை மெலிந்தாலோ, கத்தரிக்கோல் கைநழுவினாலோ காத்திராமல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள்.