சூடான எரிபொருளும் கரிப் படிவும்: வாசகர் கேள்விகள்

களை வெட்டும் மெஷினை ஆறு மாதம் எடுக்கவில்லை. கார்பரேட்டரில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது. பெட்ரோல் கலப்படமா? (மன்னார்குடி)

கலப்படம் இல்லாத பெட்ரோலிலும் இது வரும். பெட்ரோலில் இருக்கும் ஒலிஃபின்கள் (எளிதில் வினைபுரியும் ஒருவகை ஹைட்ரோகார்பன்கள்) காற்றிலுள்ள ஆக்ஸிஜனைப் பிடித்து, பெராக்சைடு என்ற நிலையற்ற சேர்மமாகி, பிறகு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாகின்றன. கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொஞ்சம், காற்று நிறைய. அங்கேதான் முதலில் பிசின் கட்டும். கார்பரேட்டர் க்ளீனரில் ஊறவைத்தால் கரையும். ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் சிறு துளையை, கம்பியால் குத்தாதீர்கள். அடுத்த முறை எடுத்து வைக்கும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, மெஷின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

வண்டி புகை தள்ளுகிறது. என்ன ஊற்றலாம்? (சேலம்)

பெட்ரோல் வண்டியா, டீசலா? புகை வெள்ளையா, கறுப்பா, நீலமா? எத்தனை கிலோமீட்டர் ஓடியது? எதையுமே எழுதவில்லை. விவரம் தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள். இவற்றையெல்லாம் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

விமான எரிபொருள் மூடிய குழாயில்தான் போகிறது. காற்றே இல்லாத இடத்தில் ஆக்ஸிஜனேற்றம் எப்படி? (மாணவர், குரோம்பேட்டை)

நல்ல கேள்வி. காற்று எரிபொருளுக்குள்ளேயே கரைந்திருக்கிறது. எடையில் பத்து லட்சத்துக்குச் சுமார் 70 பங்கு ஆக்ஸிஜன். படிவுக்கு அது போதும். விமானத்தில் எரிபொருள்தான் எஞ்சின் ஆயிலின் சூட்டையும் வாங்கிக்கொண்டு எரியறைக்குப் போகிறது. 150 டிகிரியைத் தாண்டினால் இந்த ஆக்ஸிஜன் வேகமாக வேலை செய்து, நாசில்களில் அரக்கு போலப் படியவைக்கும். பயணிகள் விமானங்களுக்கான ஜெட் ஏ-1 எரிபொருளைச் சோதிக்க, 260 டிகிரி சூட்டில் உள்ள அலுமினியக் குழாய்மேல் இரண்டரை மணி நேரம் ஓடவிட்டு, குழாயில் ஏறிய நிறத்தைப் பார்ப்பார்கள். 450 டிகிரிக்கு மேல் மூலக்கூறே உடைந்து கரியாகும். அது வேறு வினை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் கந்தகத்தை எடுத்துவிட்டால் படிவு நின்றுவிடுமா? (அதே மாணவர்)

குறையும், நிற்காது. கந்தகத்தை எடுக்க ஹைட்ரஜன் கொண்டு சுத்தம் செய்யும்போது, ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் இயற்கைப் பொருள்களும் சேர்ந்தே போய்விடும். அதனால்தான் அப்படிச் சுத்தம் செய்த எரிபொருளில் லிட்டருக்குச் சுமார் 20 மில்லிகிராம் ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்க்கிறார்கள்.

ஜெனரேட்டர் டீசல் லைனுக்குக் காப்பர் டியூப் போட்டிருக்கிறோம். ஃபில்டர் சீக்கிரமே கறுத்துவிடுகிறது. டீசல் மோசமா? (திருப்பூர்)

டீசலைத் திட்டுவதற்கு முன் அந்தக் காப்பரைக் கழற்றுங்கள். எத்தனை முறை எழுதினாலும் வளைக்கச் சுலபம், துருப்பிடிக்காது என்று சொல்லி இதையே மாட்டிவிட்டுப் போகிறார்கள். டீசலில் கரையும் செம்பு மிகமிகக் கொஞ்சம்தான். ஆனால் அது பெராக்சைடுகளை உடைத்துப் புதிய ரேடிக்கல்களை, அதாவது வினையைத் தொடரவைக்கும் துடிப்பான மூலக்கூறுத் துண்டுகளை, உண்டாக்கும். தான் தீர்ந்துபோகாமல் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும். எஞ்சினிலிருந்து ரிட்டர்ன் லைனில் சூடாகத் திரும்பும் டீசல் டேங்கையும் சூடாக்குகிறது. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. சூடும் செம்பும் சேர்ந்தால் ஃபில்டரில் கசடு, இன்ஜெக்டரில் படிவு.

அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களிலும் இதே தொல்லை வந்தது. செம்பு-நிக்கல் குழாய்களில் ஓடிய ஜேபி-5 என்ற கடற்படை விமான எரிபொருளில் செம்பு ஏறி, சூடு தாங்கும் தன்மை குறைந்தது. கரைந்த செம்பைக் கட்டிப்போட மெட்டல் டிஆக்டிவேட்டர் என்ற சேர்க்கை உண்டு. ஆனால் குழாய் செம்பாகவே இருக்கும்வரை செம்பு கரைந்துகொண்டேதான் இருக்கும். எம்எஸ் (பூச்சில்லாத சாதாரண எஃகு) பைப்பும் டீசலுக்கான ஹோஸும் போடுங்கள். பித்தளை வால்வும் வேண்டாம். டேங்கின் அடியில் தண்ணீரோடு வழவழவென்று கறுப்பாக வந்தால் அது கிருமி. அதற்கு முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும்.

இன்ஜெக்டர் க்ளீனரை மாதாமாதம் ஊற்றலாமா? (நாகர்கோவில்)

தேவையில்லை. கோளாறு இருந்தால் முதலில் இன்ஜெக்டரைச் சோதியுங்கள்.

பழைய சமையல் எண்ணெயில் தயாரித்த பயோடீசலை ஜிஐ டேங்கில் ஒரு வருடம் வைக்கலாமா? (ஈரோடு)

கூடாது. பயோடீசல் சாதா டீசலைவிடச் சீக்கிரம் கெடும். ஐரோப்பியத் தரம் கேட்பதே 110 டிகிரியில் 8 மணி நேரம் தாக்குப்பிடிப்பதைத்தான். ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய இரும்பு; அந்தத் துத்தநாகமும் பயோடீசலில் கரையும். எம்எஸ் அல்லது ஸ்டெயின்லெஸ் டேங்க், நிழல், இறுக்கமான மூடி, முடிந்தவரை நிரம்பிய டேங்க். இருப்பைச் சில மாதங்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.