கோரம் இருந்தால்தான் கூட்டம்

கேள்வி: எங்கள் நகர்மன்றக் கூட்டம் கோரம் இல்லாமல் மூன்றாவது முறையாகத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. நடந்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை. குழாய், சாக்கடை, தெருவிளக்கு, பழைய பில்களுக்கு ஒப்புதல், அவ்வளவுதான். இந்த வழக்கமான வேலைக்கு இத்தனை பேர் கொண்ட ஒரு மன்றம் தேவையா? பேசாமல் ஓர் அதிகாரியிடம் விட்டுவிட்டால் என்ன?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: பெயர் வேண்டாம் என்றதற்கு நீங்கள் சொன்ன காரணத்தையும் (மச்சான் மன்ற உறுப்பினர்) சேர்த்து மறைத்திருக்க வேண்டும். கை தவறிவிட்டது. பரவாயில்லை, எந்த மன்றத்தை எடுத்தாலும் அதில் பாதிப் பேர் யாருக்காவது மச்சான்தான்.

மன்றம், அதிகாரி எல்லாம் அப்புறம். முதலில் ‘கோரம்’ (quorum), அதாவது கூட்டம் நடக்கக் குறைந்தது இத்தனை உறுப்பினர்களாவது வந்திருக்க வேண்டும் என்ற கணக்கு. இந்த வார்த்தையோடு எனக்குப் பழைய பகை உண்டு.

பிழை திருத்துபவனாக வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு செய்தித் தலைப்பு என் மேசைக்கு வந்தது: ‘கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைப்பு’. எனக்குத் தெரிந்த கோரம் எல்லாம் கோர விபத்து, கோர முகம், கோரப் பசி. கோரம் இல்லையென்றால் நல்லதுதானே, அதற்காக ஏன் ஒத்திவைக்கிறார்கள்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எழுத்து விடுபட்டிருக்கிறது என்று முடிவுகட்டி, ‘கோரிக்கை இல்லாததால் கூட்டம் ஒத்திவைப்பு’ என்று திருத்திக் கொடுத்துவிட்டேன். அப்படியே அச்சாகியும் விட்டது. ஒரு நகரத்தில் யாருக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நாங்கள் செய்தி போட்டோம். இதில் என்னை இன்றுவரை உறுத்துவது என் தவறு அல்ல. அந்த ஊரிலிருந்து ஒருவர்கூட மறுப்புக் கடிதம் எழுதவில்லை, அதுதான்.

பிற்பாடு ஆசிரியரான பிறகு இந்த வார்த்தையை ஒழித்துக்கட்டலாம் என்று பார்த்தேன். தமிழறிஞரான நண்பர் ஒருவர் ‘குறைவெண் வரம்பு’ என்று எழுதச் சொன்னார். பள்ளிக்கூடத்து மார்க் ஷீட் மாதிரி இருக்கிறதே என்றேன். அவருக்குக் கோபம் வந்து ஆறு கடிதம் எழுதினார். இலங்கைத் தமிழில் ‘கூட்ட நடப்பெண்’ என்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கும், கூட்டம் நடக்க வேண்டிய எண் என்று சொல்லிலேயே தெரிகிறது. ஆனால் அதைப் போட்டால் நண்பரிடமிருந்து ஏழாவது கடிதம் வரும். ஆகவே கோரமே இருக்கட்டும். எத்தனையோ கூட்டங்களை உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், பொருத்தமில்லாத வார்த்தை என்று சொல்ல முடியாது.

சொல்லின் பூர்விகம் லத்தீன். ‘எவர்களில்’ என்று மட்டும்தான் பொருள். பழைய இங்கிலாந்தில் அரசர் நீதிபதிகளை நியமிக்கும்போது பட்டியலில் பல பெயர்களைப் போட்டுவிட்டு, ‘இவர்களில் இன்னார் ஒருவராவது இருந்தே ஆகவேண்டும்’ என்று ஆணையில் எழுதுவார்கள். அந்த வாக்கியத்திலிருந்து பிய்த்து எடுத்த துண்டுதான் இது. அதாவது தொடக்கத்தில் கோரம் என்பது தலைகளின் கணக்கு அல்ல. விஷயம் தெரிந்த ஆள் இல்லாமல் நடத்தாதே என்ற எச்சரிக்கை. நாளாக ஆக விஷயம் போய் எண்ணிக்கை மட்டும் நின்றுவிட்டது. அந்த எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் எப்படியெல்லாம் மாறுகிறது பாருங்கள். நம் மக்களவைக்கு மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். பல நூறு பேர் கொண்ட பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையோ மூன்று பேர் இருந்தாலே பேச ஆரம்பித்துவிடலாம். சீட்டுக் கச்சேரிக்கே நாலு பேர் வேண்டும்.

சரி, உங்கள் மன்றத்துக்கு வருகிறேன். வராமல் போவதைச் சோம்பல் என்று நினைத்திருக்கிறீர்கள், அங்கேதான் எனக்கும் உங்களுக்கும் தகராறு. வராமலிருப்பது பெரிய ராஜதந்திரம். ஆபிரகாம் லிங்கனே செய்திருக்கிறார். 1840 டிசம்பரில் இல்லினாய் மாநில அவையில் கோரம் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, தன் கட்சிக்காரர்கள் சிலரோடு ஜன்னல் வழியாக வெளியே குதித்தார். பலிக்கவில்லை, அதற்குள் வந்தவர்கள் கணக்கில் அவரை எழுதி முடித்திருந்தார்கள். 1890இல் அமெரிக்கக் கீழவையில் இன்னும் வேடிக்கை. உறுப்பினர்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்கள், பெயர் கூப்பிட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். பதில் இல்லையென்றால் ஆள் இல்லை என்பது அன்றைய கணக்கு. சபாநாயகர் தாமஸ் ரீட் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண்ணில் பட்டவர்களையெல்லாம் ‘வந்திருக்கிறார்’ என்று எழுதச் சொன்னார். கென்டக்கிக்காரர் ஒருவர் எழுந்து, என்னை வந்தவனாகக் கணக்கிட உங்களுக்கு உரிமை இல்லை என்றார். நீங்கள் இங்கே இருக்கிறீர்கள் என்றுதான் சொன்னேன், இல்லை என்கிறீர்களா என்றார் ரீட். இன்னும் பக்கத்தில் வேண்டுமானால் 2003. டெக்ஸாஸ் சட்டமன்ற எதிர்க்கட்சிக்காரர்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் கூண்டோடு எல்லை தாண்டி ஓக்லஹோமாவில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அங்கே மூன்றில் இரண்டு பங்கு பேர் இருந்தால்தான் அவை நடக்கும்.

இவர்கள் எல்லோரும் ஓடியதற்குக் காரணம் ஒன்றுதான். ஓட்டுப் போட்டால் தோற்போம். சின்ன ஊர் மன்றத்தில் அதைவிட நுட்பமான காரணம் உண்டு. ஆதரித்தால் தெருக்காரர்கள் திட்டுவார்கள், எதிர்த்தால் காண்டிராக்டர் திட்டுவார், ஆகவே அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் காய்ச்சல். அதனால் உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். தள்ளிப்போன மூன்று கூட்டங்களின் அஜெண்டாவையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் நகராமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பொருள் இருக்கும். அநேகமாகக் கடைசிக்கு முந்தினதாக இருக்கும், ஒரே வரியில், ‘பொருள் எண் 17-இன் தொடர்ச்சி’ என்பது போல ஒன்றும் புரியாத தலைப்பில். கோரம் அங்கேதான் இருக்கிறது, இரண்டு அர்த்தத்திலும்.

அதிகாரியிடம் விட்டுவிடலாமே என்கிறீர்கள். ஐயா, கூட்டம் நடக்காத மூன்று மாதமும் குழாய் உடையாமலா இருந்தது? யாரோ செலவு செய்திருப்பார். அந்தச் செலவு அடுத்த கூட்டத்துக்குப் ‘பின்னேற்பு’ என்ற அழகான பெயரில் வரும். காரியம் முடிந்த பிறகு கேட்கும் அனுமதிக்கு அதுதான் பெயர். நீங்கள் யோசனையாகச் சொன்னது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது, உங்களிடம்தான் சொல்லவில்லை. கூடவே இன்னொன்றையும் பாருங்கள். தள்ளிவைத்த கூட்டத்துக்கு உங்கள் மன்ற விதி என்ன சொல்கிறது? இந்தியக் கம்பெனிகள் சட்டம் (2013) பங்குதாரர் கூட்டத்துக்கு வைத்திருக்கும் விதி சுவாரஸ்யமானது. அரை மணி நேரம் பார்த்து ஆள் சேரவில்லையென்றால் கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போகும், அடுத்த முறையும் சேரவில்லையென்றால் வந்தவர்கள்தான் கோரம். உங்கள் ஊர் விதிப் புத்தகத்திலும் இதுபோல ஒரு பொந்து இருந்தால், மூன்று முறை வராதவர்களை விட்டுவிட்டு, நாலாவது முறை சத்தமில்லாமல் வரப்போகிறவர்களைக் கவனிக்க வேண்டும்.

‘வழக்கமான வேலை’ என்று அலுத்துக்கொண்டவுடன் யாராவது பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், எனக்குத் தெரியும். 1957இல் அவர் சொன்ன கதைதான்: குழு ஒன்று அணு உலையை இரண்டரை நிமிடத்தில் ஒப்புக்கொள்கிறது, சைக்கிள் நிறுத்தக் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் சண்டை போடுகிறது. நல்ல கிண்டல்தான். ஆனால் சின்ன ஊர் மன்றத்தில் அணு உலை ஏது? அங்கே இருப்பது முழுக்கச் சைக்கிள் கொட்டகைதான். அதைப் பற்றி முக்கால் மணி நேரம் சண்டை போடாமல் வேறு எதற்குச் சண்டை போடுவது? சாக்கடை எந்தத் தெரு வழியாகப் போகும் என்பது அந்தத் தெருக்காரருக்கு அணு உலையைவிடப் பெரிய விஷயம்.

இனி உத்திரமேரூர். (உதவி ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொள்வது தெரிகிறது. வைத்துக்கொள்ளட்டும், எதைக் கேட்டாலும் நான் அங்கே போய்த்தான் நிற்பேன்.) வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்பவை. உலகின் முதல் மக்களாட்சி என்று மேடையில் முழங்குகிறவர்களோடு நான் பல வருஷமாக மல்லுக்கட்டுகிறேன். பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த பிரம்மதேய ஊர், வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள். இதில் உழுதவன் எங்கே, பெண் எங்கே? மக்களாட்சி என்று சொல்வதற்கு முன் கல்வெட்டை ஒரு தரம் படித்துவிட்டு வாருங்கள் என்றால் என்னைத் தமிழ்த் துரோகி என்கிறார்கள்.

ஆனால் வழக்கமான வேலை என்றால் என்ன என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். 360 நாள் பதவி. குடத்திலிருந்து பெயர் எழுதிய ஓலையை எடுப்பது ஒன்றும் அறியாத சிறுவன், அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலை இருக்கக் கூடாது அல்லவா.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, உறவுக்காரர்களும் நிற்க முடியாது. யார் யார் என்று கல்வெட்டு ஒரு நீண்ட பட்டியலே போடுகிறது: சிற்றன்னை, பேரன்னை மக்கள், மாமன், மாமனார், மருமகன், மனைவியோடு பிறந்தவர், உடன்பிறந்தாளைக் கட்டியவர்.

கடைசி இரண்டும் மச்சான்தான். உங்கள் உறுப்பினர் அந்த மூன்று நாளும் எங்கே போயிருந்தார் என்று வீட்டில் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். பெயர் போட மாட்டேன்.