பேராயர் வருகிறார்: பெங்களூரு சபையாரின் கேள்விகளுக்கு முன்னாள் சேகரச் செயலரின் பதில்கள்

ஃப்ரேசர் டவுன்: ஸ்தோத்திரம் ஐயா. அடுத்த மாதம் பேராயர் வருகை. பெயிண்ட், பந்தல் எல்லாம் பேசியாச்சு. வேறென்ன பார்க்கணும்?

ஸ்தோத்திரம் தம்பி. பந்தல் கடைசி. ஞானஸ்நானம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பேராயர் கைவைத்து விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு), திருமணம், அடக்கம், இந்தப் பதிவேடுகளை முதலில் எடுத்துப் பாருங்கள். திருமணப் பதிவு 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ் வருவது. மணமக்கள், ஆயர், இரண்டு சாட்சிகள் என்று எல்லாருடைய கையெழுத்தும் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும், என்றோ ஒருநாள் விசாவுக்கு அலையும் தம்பதிதான் கஷ்டப்படுவார்கள். விடுபட்டது கண்ணில் பட்டால் நீங்களே எழுதி நிரப்பிவிடாதீர்கள், ஆயரிடம் சொல்லுங்கள். திடப்படுத்தலுக்கு நிற்கும் பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றையும் இப்போதே கேளுங்கள். வேலூரிலும் நெல்லையிலும் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் நம் சபைகளில் நிறைய. ஊரிலிருந்து தாள் வந்து சேர நாளாகும்.

ஹொரமாவு: ஐயா, இங்கிலாந்தில் என் மகளை ஆங்கிலிக்கன் சபை ஒன்றில் சர்ச் வார்டனாக, அதாவது கோயில் உடைமைகளைக் கவனிக்கும் பொறுப்பாளராக, தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பேராயருக்குக் கீழே சபைகளை மேற்பார்க்கும் ஆர்ச்டீக்கன் முன்னால் நிற்கணுமாம், பயப்படுகிறாள்.

அது பரீட்சை இல்லையம்மா. அங்கே ஆண்டுதோறும் வார்டன்களைத் தேர்ந்தெடுப்பார்கள். உறுதிமொழி கொடுத்த பிறகுதான் பொறுப்பு தொடங்கும். 3 ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆர்ச்டீக்கன் கோயிலையும் கல்லறைத் தோட்டத்தையும் பார்வையிட வேண்டும் என்பது அவர்கள் விதி. கோயிலின் நிலங்கள், திருவிருந்துப் பாத்திரம் முதலான உடைமைகள், இதுவரை நடந்த பழுதுபார்ப்பு, மூன்றுக்கும் பதிவு வைத்திருப்பது வார்டன் வேலை. பழைய வார்டன்களிடம் அவற்றைக் கேட்டு வாங்கி, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளையும் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

சிவாஜிநகர்: அண்ணே, இந்த வருகை எல்லாம் வெறும் சம்பிரதாயம்தானே?

அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது. 1826இல் இந்தியா முழுதுக்கும் ஆங்கிலிக்கன் பேராயர் என்றால் கல்கத்தா பேராயர் ஒருவர்தான். ரெஜினால்ட் ஹீபர் அந்தப் பதவியில் தெற்கே சபைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏப்ரல் 3 காலையில் திருச்சியில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் கொடுத்தார், அன்றே இறந்தார். கல்லறை அங்கே தூய யோவான் ஆலயத்தில் இருக்கிறது. சபையாரை முகம் பார்க்க அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். நாமும் பேராயரை மேடையிலேயே உட்கார வைத்து அனுப்பாமல், படுக்கையில் கிடக்கும் பெரியவர் ஒருவர் வீட்டுக்காவது அழைத்துப் போவோம்.

கே.ஆர்.புரம்: ஐயா, கூரை ஒழுகுவதைப் பேராயரிடம் சொல்லலாமா?

சொல்லத்தான் வேண்டும். இங்கிலாந்தில் 1955 சட்டத்தில் தொடங்கி, 5 ஆண்டுக்கு ஒரு முறை தகுதியுள்ள கட்டட நிபுணர் கோயிலைச் சோதித்து அறிக்கை தருவது வழக்கம். ஆங்கிலேயப் படை முகாம் (கண்டோன்மெண்ட்) காலத்துக் கோயில்களை வைத்திருக்கும் நமக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும் என்று பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். மழைக்கு முன்பே கூரையேறி, தண்ணீர் போகும் குழாயில் சருகு அடைத்திருக்கிறதா, மரச்சட்டத்தில் கரையான் இருக்கிறதா என்று பாருங்கள். படம் எடுத்துத் தேதி போட்டு வைத்தால் கமிட்டியில் வாக்குவாதம் குறையும்.

மாரத்தஹள்ளி: கோயில் பெட்டகச் சாவி யாரிடம் இருக்கணும் ஐயா?

ஒருவரிடம் மட்டும் வேண்டாம். ஆயரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று. வருகைக்கு முந்தின நாளே திறந்து பாருங்கள்.